ஆறாம் நாள் எழுதியது

கடற்கரையில் துவைத்த படுக்கை விரிப்பு முழுசாகக் காய்ந்து நான் பார்த்ததில்லை. வெயில் எவ்வளவு அடித்தாலும் உப்புக் காற்று அதில் கொஞ்சம் ஈரத்தை விட்டுவிட்டுத்தான் போகும். இந்தப் பக்கத்துக்காரனுக்கு இது தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது. படுத்ததும் முதுகில் ஜில்லென்று பட்டால், லாட்ஜுக்காரன் ஈரத்துணியை விரித்து ஏமாற்றிவிட்டான் என்பார்கள். எல்லாம் ஒரு விரிப்பில்தான் ஆரம்பித்தது, இன்ஸ்பெக்டர் சார். அதனால்தான் அதிலிருந்து சொல்கிறேன்.

இந்த ராஜ்ஜியத்தில் சர்க்கார் மொழி மலையாளம், நீங்கள் அதில் எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. கையெழுத்து வாங்குமுன் ஒருதடவை வாசித்துக் காட்டிவிடுங்கள். 'ஆத்திரத்தில்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் ஆத்திரப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

பெயர் கோலப்பன். வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. கன்னியாகுமரியில் கடலோசை லாட்ஜ் திறந்த நாளிலிருந்து, மூன்று வருஷமாக, அதன் மேலாளர். முதலாளி பொன்னுலிங்கம் கோட்டாற்றில் புளி வியாபாரம் செய்கிறவர். பத்து அறை. ஒவ்வொன்றிலும் மின்சார விசிறி, ஆளுயரக் கண்ணாடி, குழாய் வைத்த குளியலறை. பெரிய ஹோட்டலில் ஒரு நாள் தங்குகிற செலவில் எங்களிடம் நான்கு நாள் தங்கலாம். 'நவீன வசதிகள், நடுத்தரக் குடும்பங்களுக்கு ஏற்றது' என்று பலகையில் எழுதிக் கொடுத்தது நான். செங்கல்லும் சுண்ணாம்பும் முதலாளியுடையது, மற்றதெல்லாம் என்னுடையது. மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில் குடியிருந்தேன். எனக்கு வேறு வீடு கிடையாது.

விருந்தினர்களை நான் வெறுத்தேன் என்று வக்கீல் யாராவது சொல்வார். அது தவறு. சூரியோதயம் பார்க்க எழுப்பிவிடு என்பார்கள். எழுப்பினால் தூக்கத்தைக் கெடுத்தான் என்பார்கள். பல நிற மணலைத் துண்டில் கட்டிக்கொண்டு வந்து குளியலறையில் கொட்டிச் சாக்கடையை அடைப்பார்கள். இது தீவா என்று கேட்பார்கள். மூன்று பக்கம்தான் கடல் என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். நாலாவது பக்கமும் கடலாக இருந்திருந்தால் பஸ் வராதே என்று நினைத்துக்கொள்வேன். அதற்குப் பெயர் வெறுப்பு இல்லை, களைப்பு.

முதலாளி ஒருமுறை திருவனந்தபுரம் போனபோது எங்கோ ஒரு ஹோட்டலில் விருந்தினர் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு வந்தார். தங்குகிறவர்கள் அபிப்பிராயம் எழுதுகிற நோட்டு. எங்களுக்கும் ஒன்று வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் தன் கையாலேயே எண் போட்டு, வராந்தா மேஜையில் வைத்தார். ஒரு தாள்கூடக் காணாமல் போகக்கூடாது என்றார். இரண்டு வருஷம் அதில் 'சௌகரியமாக இருந்தது' என்பதற்கு மேல் யாரும் எழுதியதில்லை.

இந்தத் தை மாதம், ஒரு திங்கட்கிழமை, அழகர்சாமி வாத்தியார் வந்தார். மதுரைப் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஒரு வருஷம். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. பத்து நாள் தங்க ஏழாம் நம்பர் அறையை எடுத்தார். மறுநாள் விடிவதற்காக அவர் காத்திருக்கவில்லை. முதல் நாளே குறிப்பேட்டில் எழுதிவிட்டார்: 'படுக்கை விரிப்பு ஈரம். கேட்டால் காற்றின் மேல் பழி போடுகிறார்கள்.'

செவ்வாய்க்கிழமை வாளியின் பாசியைப் பற்றி எழுதினார். புதன்கிழமை, கடலைப் பார்த்த அறை என்கிறார்கள், நாற்காலியில் ஏறி நின்றால் தெரிகிறது என்று எழுதினார். வியாழக்கிழமை சாம்பார். ஒவ்வொன்றுக்கும் கீழே தேதி, கையெழுத்து, ஒரு கோடு. பள்ளிக்கூடத்துக் கை. சாயங்காலம் வராந்தாவில் காப்பி குடிக்கிறவர்கள் பத்திரிகையை விட்டுவிட்டு அதை உரக்க வாசிக்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் நம்பர் அறையில் இருந்த பெண் சிரித்த சிரிப்பு அடுப்பங்கரைவரை கேட்டது. அது எனக்கு வலித்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை அவர் எழுதியது எனக்கு மனப்பாடம். 'மேலாளர் எப்போதும் சிரித்த முகம். ஆனால் இவருக்கு மனிதர்களைக் கண்டால் ஆகாது. விருந்தினர்களை வெறுக்கிற ஒருவரிடம் விடுதியை ஒப்படைத்திருப்பது வருந்தத்தக்கது.'

அன்று சாயங்காலம் முதலாளி வந்தார். நின்றபடியே ஐந்து நாள் குறிப்பையும் வாசித்தார்.

"கோலப்பா, வாத்தியாரு எழுதினதுல ஒண்ணும் பொய்யில்ல கேட்டியா. ஒம் மூஞ்சப் பாத்தா எனக்கே சாயா எறங்காது. பங்குனி பொறந்தா எம் மருமவன் வந்து லாட்ஜப் பாக்கட்டும். நீ புளிக் கிட்டங்கிக்கு வந்திரு."

மூட்டை அடுக்குகிற கிடங்கில் நான் எங்கே படுப்பேன் என்று கேட்டேன். அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும்.

"செரி, ஒண்ணு செய்யி. அந்த மனுசன் போறதுக்குள்ள அவரு கையால ஒனக்க பேருக்கு ஒரு நல்ல வார்த்த எழுதி வாங்கு. எழுதிட்டாருன்னா நீயே இரு. நான் புதன்கெழம வந்து பாக்கேன்."

ஆக, என் வீடும் என் வேலையும் ஒரு மனிதரின் பேனாவில் இருந்தன. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்களோ, அதைத்தான் நான் முதலில் செய்தேன். சனிக்கிழமை காலையில் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு, அவருடைய விரிப்பை நானே தேய்த்துக் காயவைத்து, சூடு ஆறுமுன் கொண்டுபோய் விரித்தேன். மனிதர் தடவிப் பார்த்தார். முகம் இளகிவிட்டது. என்னை உட்காரச் சொன்னார். தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மாளுக்குக் கன்னியாகுமரி பார்க்க வேண்டுமென்று ஆசையாம், வருஷா வருஷம் தள்ளிப்போட்டுவிட்டாராம். பிறகு கேட்டார்.

"படித்துறையில கூட்டத்தோட நின்னு சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு முங்குறது ஒரு குளியலா, கோலப்பன்? வைகையில வெள்ளம் வந்தப்ப நீந்தினவன் நான். சமுத்திரத்துல ஒரு தடவையாவது நீந்திட்டுப் போகணும். கூட்டமில்லாத இடம் இருக்கா?"

"இருக்கு சார்" என்றேன். "சட்டிப்பாறைன்னு ஒரு எடம். தண்ணி சட்டிக்குள்ள நிக்க மாதிரி அசையாம நிக்கும்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மேற்கே மீனவர் குடியிருப்பைத் தாண்டினால் வட்டமாகப் பாறைகள். நடுவில் தண்ணீர் குளம்போலக் கிடக்கும். கடல் வற்றுகிற நேரத்தில் ஒரு பக்கத்து இடுக்கு வழியாக அந்தத் தண்ணீர் முழுவதும் வெளியே இழுக்கும். போன வருஷம் எங்கள் விருந்தினர் இருவரை இழுத்துக்கொண்டு போயிற்று. மீன்பிடித்துவிட்டு அவ்வழியே திரும்பிக்கொண்டிருந்த, அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த இஞ்ஞாசி என்பவன் இருவரையும் தன் கட்டுமரத்தில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தான். அன்றிலிருந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் சட்டிப்பாறைக்குப் போகாதீர்கள் என்று நான் முதல் நாளே சொல்லிவிடுவேன். வாத்தியாரிடம் சொல்லவில்லை. விரிப்புத் தகராறில் விட்டுப்போயிற்று.

"இன்னைக்கே போகலாமா?" என்றார்.

"நாளைக்குப் போவோம் சார். ஏழரைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடலில் ஒரு கட்டுமரமும் இறங்காது. எத்தனை பசி இருந்தாலும் இறங்காது. காலை ஏழரைக்கு ஆண், பெண், பிள்ளைகள் எல்லாரும் மாதா கோயிலில் பூசையில் இருப்பார்கள். கட்டுமரங்கள் மணலில் கிடக்கும். இது கன்னியாகுமரியில் காக்கைக்கும் தெரியும். மதுரை வாத்தியாருக்குத் தெரியாது.

சனிக்கிழமை மாலையே அவர் எழுதினார். முழுப் பக்கம். நான் கேட்கவே இல்லை. அவர் எழுதி முடித்து எழுந்து போனபின் வாசித்தேன், இரண்டு தடவை. முதலாளி கேட்ட நல்ல வார்த்தை கிடைத்துவிட்டது. அப்படியானால் ஏன் அத்தோடு நிறுத்தவில்லை என்றுதானே கேட்கப்போகிறீர்கள்? நானும் யோசித்தேன். அவர் இன்னும் நான்கு நாள் இருப்பார். திருத்தித் திருத்திப் பழகின கை. திங்கட்கிழமை சாம்பாரில் உப்புக் கூடினால்? முதலாளி புதன்கிழமை வருமுன் இன்னொரு பக்கம் எழுதமாட்டார் என்று என்ன நிச்சயம்? எழுதினது எழுதினபடி நிற்கவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஞாயிறு காலை ஏழரைக்குப் புறப்பட்டோம். கோயில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. பாறையில் நின்று சட்டையைக் கழற்றி மடித்துவைத்தார். கண்ணாடியை எடுத்து என் கையில் கொடுத்தார். "பத்திரம், இது இல்லேன்னா நான் குருடன்" என்றார். அதில் உப்புப் படிந்திருந்தது. வேட்டி நுனியால் துடைத்தேன். தண்ணீரில் இறங்கி மல்லாந்து கிடந்து, சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். நன்றாகவே நீந்தினார். கடல் வற்றத் தொடங்கியபோது அவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. இடுக்கைத் தாண்டியபிறகு கையைத் தூக்கினார். நானும் கையைத் தூக்கினேன். கண்ணாடி இல்லாதவருக்கு அது தெரிந்திருக்காது.

இங்கேதான் என் பிசகு. பூசைக்குப் போகாதவர்கள் யார் யார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கழியாமல் கோயிலுக்குப் போகமாட்டாள். எனக்கு அது தெரியாததல்ல, நினைவுக்கு வரவில்லை. இஞ்ஞாசியின் மனைவி கிளாரா மூன்று வாரக் குழந்தையோடு குடிசையில் இருந்தாள். குழந்தையைக் கீழே விட்டுவிட்டு மணலில் ஓடி வந்தாள்.

"ஓய் லாட்ஜுக்காரரே, ஆளு போவுது. இஞ்ச வந்து மரத்த ஒரு பிடி பிடியும்."

"பெத்த ஒடம்பு, காத்துல நிக்காத. அவரு நீந்துகாரு" என்றேன்.

"சேசுவே, நீந்துறதா அது? தனியாத் தள்ளுனா அசையல ஓய். ஒரு கை தாரும்."

நான் பாறையிலிருந்து இறங்கவில்லை. அவள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். மரம் ஒரு முழம் நகர்ந்தது, பிறகு இன்னொரு முழம். தண்ணீரைத் தொட இருபது முழமாவது இருந்தது. அவள் சேலையில் ரத்தம் பட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். நான் கடலைப் பார்த்தேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. சட்டையை அங்கேயே விட்டுவிட்டு லாட்ஜுக்கு வந்தேன். விருந்தினர் பொருளைத் தொலைத்தேன் என்று பேர் வரக்கூடாதே என்று கண்ணாடியை ஏழாம் நம்பர் மேஜையில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை உடம்பு மணக்குடிப் பக்கம் ஒதுங்கியது. அவர் தனியாகப் போனார், நான் அடுப்பங்கரையில் இருந்தேன் என்று உங்களிடம் சொன்னேன். கிளாரா சொன்னதைக் கேட்டு இஞ்ஞாசி என்னிடம் வந்தான். பிள்ளை பெற்ற காய்ச்சலில் கண்டதையெல்லாம் பேசுகிறாள் என்றேன். என்னை நம்பினான். வீட்டுக்குப் போய், வெளியே வாயைத் திறக்காதே என்று அவளை அதட்டினானாம். புதன்கிழமை முதலாளி வந்து, வாத்தியாரின் கடைசிப் பக்கத்தில் என்னைப் பற்றிய நல்ல வார்த்தைவரை வாசித்துவிட்டு நோட்டை மூடினார். பிறகு மருமகனைப் பற்றிப் பேசவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு வாத்தியாரின் மகள் அவர் பெட்டியை வாங்க வந்தாள். கண்ணாடியைக் கையில் எடுத்தாள்.

"இது எப்படி இங்க இருக்கு? இது இல்லாம அப்பா பத்தடி நடக்கமாட்டாரே. தனியா அவ்வளவு தூரம் எப்படிப் போயிருப்பாரு?"

பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அழுதாள். உங்கள் லாட்ஜில் அப்பா நிம்மதியாகவே இருந்திருக்கமாட்டார், கடிதத்தில் குறைகளாகவே எழுதியிருந்தார் என்றாள். அதை என்னால் தாங்கமுடியவில்லை. குறிப்பேட்டை நானே எடுத்துக்கொண்டுவந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன்.

'ஐந்து நாளாக இவரைப் பற்றி அவசரப்பட்டு எழுதிவிட்டேன். திருத்திக்கொள்கிறேன். திரு. கோலப்பன் அன்பான மனிதர். நாளை ஞாயிறு காலை ஏழரைக்கு, அமைதியான ஓரிடத்துக்குத் தாமே கூட்டிப்போய், நான் குளித்து முடியும்வரை கரையில் காவலிருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இவரை நம்பி யாரும் இங்கே தங்கலாம்.'

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்தாள். நீங்கள் கிளாராவை வரவழைத்தீர்கள். மற்றது உங்களுக்குத் தெரியும்.

அந்தத் தாளைக் கிழித்திருக்கலாமே என்று உங்கள் ஏட்டு கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. எதற்காகக் கிழிக்க வேண்டும்? அவரைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கிழமை, எந்த நேரம், எந்தத் தண்ணீர் எல்லாம் நான் தேர்ந்தெடுத்தது. அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். வெறுப்பினால் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் பக்கத்தை இன்னொருதரம் வாசித்துப் பாருங்கள். படித்த மனிதர், யோசித்து எழுதியிருக்கிறார். ஐந்து நாள் எழுதியதை ஆறாம் நாள் மாற்றிக்கொண்டார். ஆறாம் நாள் எழுதியதை அவர் கடைசிவரை மாற்றவில்லை.