அடியில் எதுவும் தங்கலாகாது

நீரில் ஊறிய மரவள்ளி ரவையைக் கரண்டியால் மடமடவென்று கலக்குபவர்களை நான் மதிப்பதில்லை, ஐயா. மெதுவாகச் சுழற்றினாலும் அது அடியில் தங்காது. பொறுமைதான் வேண்டும்.

தார்க்வாவுக்கு அருகேயுள்ள எங்கள் பொன் சுரங்கத்தில், அரைத்த பாறையும் நீரும் மருந்தும் சேர்ந்த குழம்பு தென்னை உயரத் தொட்டிகளில் ஓயாது சுழலவேண்டும். மணல் அடியில் இறுகினால் பொன்னும் அதனுள் அகப்பட்டுக்கொள்ளும். தொட்டிச் சுவரின் தடுப்புப் பட்டைகளைக் கழற்றிவிட்டு, கலக்கியின் வேகத்தை நான் பாதியாகக் குறைத்தேன். மின்செலவு இறங்கியது. என் முறையைக் காணப் பிற சுரங்கத்தார் திங்களன்று வருவதாயிருந்தனர்.

அதற்கு முந்திய சனிக்கிழமை, ஆட்களிற் பெரும்பாலோர் கறுப்புத் துணி உடுத்திச் சாவுச் சடங்கொன்றுக்குப் போயிருந்தனர். மேற்பார்வையாளன் எகோ, வடித்த தொட்டியொன்றினுள் சென்று பார்க்க விரும்பினான். யாரும் ஓட்டிவிடாதபடி கலக்கியின் மின் சுவிட்சில் தன் பூட்டை மாட்டினான். உலோகத் துண்டு விழுந்தால் பம்பு பழுதாகும். ஆதலால் உள்ளே செல்பவர் தம்மிடமுள்ளவற்றையெல்லாம் வெளியே நிற்பவரிடம் ஒப்படைப்பது எங்கள் வழக்கம். பூட்டின் சாவியும் அதில் அடக்கம். அன்று வெளியே நின்றவன் நான்.

"மோதிரத்தத் தொலைச்சிடாதீங்கண்ணே. அப்புறம் என் பொண்டாட்டிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

சற்று நேரத்தில் உள்ளிருந்து சிரிப்புக் கேட்டது.

"அண்ணே, முழங்கால் அளவு மணலு. நீங்க மிச்சம் பிடிச்ச கரண்டெல்லாம் இங்கதான் கெடக்கு. மரவள்ளி நட்டா அமோகமா வெளையும்."

"யாருகிட்டயும் சொல்லாத எகோ."

"திங்கக்கெழம வர்றவங்க கண்ண வீட்டுல வச்சிட்டா வருவாங்க? இன்னிக்கே மேனேஜர்கிட்ட சொல்லிடுறதுதாண்ணே நல்லது."

அவன் சொன்னது நியாயமே. ஆயினும் எனக்குச் சற்று அவகாசம் தேவைப்பட்டது. வாயிலை மூடித் திருகாணிகளை முடுக்கினேன். பூட்டைத் திறந்தேன். குழம்பைப் பாயவிட்டுக் கலக்கியை ஓட்டினேன். மோதிரம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவன் மனைவியிடம் சேர்ப்பித்துவிடுங்கள்.

முதலில் என் வேகத்திலேயே ஓட்டினேன். மேலிருந்து கயிற்றில் குண்டு கட்டி இறக்கிப் பார்த்தபோது, மணலும் எகோவும் அடியிலேயே கிடந்தது தெரிந்தது. ஆகவே பழைய வேகத்துக்கு ஏற்றினேன். அதன் பின்னர் அடியில் எதுவும் தங்கவில்லை.

கொன்றவன் நானே; அதனை எழுதிக்கொள்ளுங்கள். வேகத்தை ஏற்றியதை மட்டும் எழுதவேண்டாம், ஐயா. படிப்பவர்கள் என் முறை பலிக்கவில்லையென்று எண்ணிவிடக் கூடும்.