கடைசி இருபது நிமிஷம்

அய்யோ மெதுவா சார், கால வச்சுறாதீங்க. சாக்குக்குள்ள இருக்கிறது டெக்கு. ஆமா, வீடியோ டெக்குதான். இப்ப எல்லாரும் சிடி போடுறாங்க, தெரியும். இது தொண்ணூத்திரெண்டுல வாங்குனது, இன்னும் ஓடுது. நீங்க இப்பிடி ஜன்னல் பக்கம் ஒக்காருங்க, நான் இத மடியில வச்சுக்கிறேன். மடுல்சீமைக்கா? அப்ப ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருக்கு. இந்தப் பாதையில பஸ்ஸு என்னைக்கு நேரத்துக்குப் போயிருக்கு.

புது வாத்தியாரா? அதானே பாத்தேன். யாழ்ப்பாணம்தானே? நீங்க கண்டக்டர்கிட்ட டிக்கட் கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. யாழ்ப்பாணத்துல எங்க? பருத்தித்துறையா? அப்ப கடல் பக்கம்தான். பொறந்ததுல இருந்தே கடலப் பாத்திருப்பீங்க. எனக்கு வயசு நாப்பத்தெட்டு சார். நேர்ல ஒரே ஒரு தடவதான் பாத்திருக்கேன், கொழும்புல. தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துட்டேன். ஆனா படத்துல நூறு தடவ பாத்திருக்கேன். பொய்யில்ல, நூறு இருக்கும். இந்த டெக்குலதான்.

என்ன படம்னு கேட்டா என்னத்தச் சொல்ல. கேசட்டு மேல ஒட்டியிருந்த பேரு கிழிஞ்சுபோயி, பாதிதான் இருந்துச்சு. நாங்க கப்பல் படம்னே சொல்லிப் பழகிட்டோம். இங்கிலீசுப் படம். அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பல், பீரங்கி வச்சது. பசறையில ஸஹாப்தீன் நானா கடையிலதான் வாடகைக்குக் கேசட்டு எடுப்பேன். இத யாருமே எடுக்கிறதில்ல, தூசி புடிச்சுக் கெடந்துச்சு. கொண்டுபோ வீரய்யா, இது ஒருத்தனுக்கும் வேணாம்னு சும்மாவே குடுத்துட்டாரு. ஒருத்தனுக்கும் வேணாமாம்! அவரு அதத் தொறந்துகூடப் பாக்கல.

எந்தொழிலே அதுதான் அப்ப. வீடியோ வீரய்யான்னா மடுல்சீமைப் பக்கம் எந்தத் தேயிலத் தோட்டத்துலயும் தெரியும். கல்யாண வீடு, சடங்கு வீடு, காது குத்துன்னா டிவியயும் டெக்கையும் கொண்டாந்து படம் போடுவேன். அப்ப எங்க லயத்துல, வரிச வீட்டுல, ஏது கரண்டு. ஜெனரேட்டர நாலு பேரு கம்புல கட்டித் தூக்கிக்கிட்டு வருவாங்க. மொத ரெண்டு தமிழ்ப்படம், சண்டையும் பாட்டும். மூணாவதா நான் இதப் போடுவேன். எடு எடு, வேற போடுன்னு கத்துவானுங்க. பாட்டு இல்ல, பொம்பளையே இல்ல, என்னாடா படம் இதுன்னு. போங்கடா, பாக்கத் தெரியாதவனுங்களான்னு நான் திட்டுவேன். பாக்கறவன் பாரு, இல்லாட்டிப் போய்த் தூங்குன்னு போட்டுருவேன்.

நல்ல படம் சார். நெசமாவே நல்ல படம். நானும் எத்தனையோ படம் பாத்தவன், ஓட்டுனவன். அதுல ஒரு எடத்துலயும் பொய் இல்ல. கப்பல்ல போறவன் கையப் பாத்தீங்கன்னா கயிறு இழுத்து இழுத்து வெடிச்சுப் போயிருக்கும். நம்ம ஆளுக கை மாதிரி. திங்கிற பிஸ்கட்ட மேசையில ரெண்டு தட்டு தட்டுவான், புழு விழும், தட்டி விட்டுட்டுத் திம்பான். பேசாம திம்பான். நம்ம சனம் அதப் பாத்துத்தான் மொத தடவ சிரிச்சுச்சு. தோட்டத்துல குடுத்த கோதம்பு மாவும் அப்பிடித்தானே இருந்துச்சு.

இங்கிலீசு எனக்கு எங்க தெரியும்? ஒரு எழுத்து தெரியாது. ஆனா டிவி பக்கத்துல நின்னு நான்தான் கதை சொல்லுவேன். அதுக்கு இங்கிலீசு எதுக்கு சார், கப்பலும் தோட்டம்தான். பின்னால கண்ணாடி ஜன்னல் வச்ச ரூமுல இருக்கிறவரு தொர. கையில கயித்த முறுக்கி வச்சுக்கிட்டுத் திரியிறவன் கங்காணி. கீழ வரிசையா தொட்டில்ல படுக்கிறவங்க லயத்து ஆளுக. காலையில மணியடிச்சா எல்லாரும் மேல வந்து நிப்பாங்க, ஒருத்தன் புத்தகத்த வச்சுக்கிட்டுப் பேரு கூப்புடுவான். அது பெரட்டு. எங்க தோட்டத்துல காலையில வேலைக்குப் பேர் கூப்புடுறதப் பெரட்டுன்னு சொல்லுவோம், நீங்க போனதும் பாப்பீங்க. அடிபட்டவன் காலு வெட்டுறவரு டிஸ்பென்சரி ஐயா, தோட்டத்து மருந்துக்காரரு. ஒரு நிமிஷத்துல சனத்துக்கு எல்லாம் வெளங்கிரும். கெழவிக எல்லாம், இந்தத் தொர பரவால்ல, ஆளுகளோட சேந்து நனையிறான்னு பேசிக்கும்.

எந்தம்பி இருக்கானே, விஜேந்திரன், அவனுக்கு அந்தப் படம்னா உசுரு. எனக்குப் பன்னெண்டு வயசு எளையவன். தோட்டத்துல நிழல் மரத்துக் கொப்பு வெட்டுறதுதான் அவனுக்கு வேல. கத்திய இடுப்புல சொருகிக்கிட்டு உச்சிக்கு ஏறுவான். படத்துலயும் ஒருத்தன் பாய்மரத்து உச்சிக்கு ஏறுவான் சார், காத்துல மரம் ஆடும், கீழ தண்ணி. நான் கதை சொல்லிக்கிட்டு இருக்கேன், இவன் குறுக்க, அண்ணே, அவன் காலு எங்க வைக்கிறான் பாரு, நெசமாவே ஏறுறவன்ணே அவன், நடிக்கலங்குறான். அப்பத்தான் நானும் கவனிச்சேன். ஆயிரம் பேரு அந்தப் படத்தப் பாத்திருப்பான், அந்தக் காலப் பாத்தவன் எந்தம்பி ஒருத்தன்தான்.

ஆங், முடிவா? முடிவத்தான் கேப்பீங்கன்னு தெரியும்.

முடிவ நான் யாருக்கும் போட்டுக் காட்டுனதில்ல சார்.

மொத மொத இதப் போட்டது ஒரு சடங்கு வீடு. அதுக்கு முன்னாடி நானா கடைப் பின்னறையில தனியா ஒக்காந்து முழுசாப் பாத்துட்டேன். கடைசி இருபது நிமிஷம் இருக்கே, அதுக்காகவே அந்தப் படத்த எடுத்திருக்கான். புயல் அடிக்கும். பாற தட்டிக் கப்பல் ஒடையும். விடியும்போது பாத்தா சின்னத் தோணி ஒண்ணு, அதுல ஏழு பேரு. பேரு கூப்புடுறவன் அதுல இருப்பான். நனைஞ்ச புத்தகத்த விரிச்சு வச்சுக்கிட்டு, ஒவ்வொரு பேரா கூப்புடுவான். எல்லாப் பேரும், ஒண்ணு விடாம. யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. ஒவ்வொரு பேருக்கும் கொஞ்ச நேரம் பாத்துட்டு அடுத்த பேரக் கூப்புடுவான். மியூசிக் கெடையாது, தண்ணிச் சத்தம் மட்டும்தான். அப்பிடியே படம் முடிஞ்சுரும். நானா வந்து என்னா வீரய்யா ஒரு மாதிரி இருக்கேன்னு தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாரு.

இத எப்பிடி சார் சடங்கு வீட்டுல போடுறது? நல்லது நடக்கிற வீடு. வாழ மரம் கட்டியிருக்கு, புள்ள மாலையோட ஒக்காந்திருக்கு. அங்க சாவக் காட்டுனா செருப்பால அடிப்பாங்க. அதனால கப்பல் நல்லா காத்து வாங்கிப் போகும்போதே டெக்க நிறுத்திருவேன். நிறுத்திட்டு நானே சொல்லுவேன். மூணு வருஷம் கழிச்சுக் கப்பல் கர வந்து சேந்துச்சு, போனவங்க அத்தன பேரும் சுகமா எறங்குனாங்க, பொண்டாட்டி புள்ளைகளோட சேந்தாங்க, சுபம்! சனம் கை தட்டும். நான் எப்பவும் போடுறது நல்லது வீட்டுலதானே. அதனால எல்லா எடத்துலயும் அதுதான் முடிவு. பத்து வருஷமா அதத்தான் சொன்னேன். எனக்கே அதுதான் முடிவு மாதிரி ஆகிப்போச்சு.

தம்பி கேட்டான். அண்ணே, மிச்சத்தப் போடேன், எறங்குறதப் பாப்போமேன்னு. டேப்பு தேஞ்சுபோச்சுடா, சிக்கிரும்னு சொல்லிட்டேன். ஊருக்கு ஒரு முடிவச் சொல்லிட்டு வீட்டுல வேற ஒண்ணச் சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. அவன் கல்யாணத்துலயும் இதத்தான் போட்டேன், அவனே கேட்டான். பொண்ணு துஷாந்தினி, எங்க தோட்டத்துலயே பக்கத்து டிவிஷன். அதுவரைக்கும் அவ படமே சரியாப் பாத்ததில்ல. மால போட்டுக்கிட்டு மொத வரிசையில ஒக்காந்து, கண்ணு வாங்காம பாத்தா. நான் சுபம்னு சொன்னதும் அவதான் மொதல்ல கை தட்டுனா.

பொறவு அவன் கொழும்புக்குக் கட வேலைக்குப் போனான். நம்ம புள்ளைக எல்லாம் போறதுதானே. அங்க யாரோ ஏஜன்சிக்காரன் சொல்லியிருக்கான், இத்தாலிக்குப் போகலாம்னு. பிளேன்ல இல்ல சார். மீன் புடிக்கிற றோலர்ல. சிலாபம் பக்கமிருந்து கெளம்புறதாம். ரெண்டாயிரமாம் வருஷம் ஐப்பசியில. போறதுக்கு மொத நாளு நானா கடைக்குப் போன் எடுத்து என்னையக் கூப்புடச் சொல்லியிருக்கான். சிரிச்சுக்கிட்டேதான் பேசுனான். அண்ணே, நானும் பாய்மரம் ஏறப்போறேன், நம்ம கப்பல் படத்துல மூணு வருஷத்துல வந்துருவாங்கள்ல, நானும் வந்துருவேன், அவகிட்ட அப்பிடியே சொல்லுன்னான்.

நான் என்ன சொல்லியிருக்கணும்? டேய், அது முடிவு இல்லடான்னு சொல்லியிருக்கணும். சொல்லல. ஆமாடா, பாத்துப் போயிட்டு வான்னேன். அவகிட்டயும் போயி அப்பிடியே சொன்னேன்.

இந்த வளைவுல கொஞ்சம் புடிச்சுக்குங்க சார். இந்த டிரைவரு எப்பவும் இப்பிடித்தான் ஒடிப்பான்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கடல் பக்கத்து ஆளு, தெரிஞ்சிருக்கும். நீச்சல் தெரியாதவன் தண்ணியில விழுந்தா எவ்வளவு நேரம் இருப்பான்? தோட்டத்துல எங்க சார் நீச்சல், இடுப்பளவு ஓடதான் இருக்கு. ரொம்ப நேரம் கஷ்டப்படுவானா, சட்டுன்னு முடிஞ்சுருமா?

சரி விடுங்க. தெரியாட்டிப் பரவால்ல.

அவ இருக்காளே, துஷாந்தினி, இன்னும் தம்பி இருந்த லயத்துலதான் இருக்கா. கொழுந்து எடுக்கிறா. இருவத்தேழு வயசு. புள்ள குட்டி இல்ல. அவ அம்மா வீட்டுல வேற எடம் பாக்கவான்னு ரெண்டு தடவ கேட்டாங்க. ஒரே வார்த்ததான். மாமா சொல்லியிருக்காரு, மூணு வருஷம்னு. மாமாங்கிறது என்னையத்தான். நான் சொன்னத அப்பிடிப் புடிச்சுக்கிட்டா. வர்ற வெள்ளிக்கெழமையோட மூணு வருஷம் முடியுது. இருக்கிற ஒரு ரூமு காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்காளாம். புதுப் பாய் வாங்கிட்டாளாம். ஜன்னலுக்கு நீலப் பெயின்ட்டு. போன கெழம ஒரு ஆளுகிட்ட சொல்லி விட்டிருக்கா, மாமா, வெள்ளிக்கெழம நீங்களும் வந்துருங்க, அவரு எறங்கும்போது நீங்க இருக்கணும்னு.

அதான் போறேன். இன்னைக்குச் செவ்வாதானே. வெள்ளிக்கு முன்னாடி போயிரணும். இப்ப லயத்துல கரண்டு இருக்கு, டிவியும் வச்சிருக்கா. டெக்கு மட்டும்தான் இல்ல. போட்டுட்டு நான் ஒண்ணும் பேசமாட்டேன். இத்தன வருஷம் பேசுனது போதும். அந்தக் கடைசி இருபது நிமிஷத்த அவ தானாப் பாக்கட்டும், அந்தப் புத்தகக்காரன் பேரு கூப்புடுறதக் கேக்கட்டும். அதுக்கு இங்கிலீசு தெரியத் தேவயில்ல.

இல்ல சார், வந்தாலும் வருவான்னு நீங்க சொல்றது நல்ல மனசுலதான். ஆனா வரமாட்டான். கூடப்போன சிலாபத்துக்காரன் ஒருத்தன் இத்தாலியில இருந்து நானா கடைக்குப் போன் எடுத்தான். றோலரு கவுந்துருச்சாம், அவங்க ஒம்பது பேரத்தான் வேற கப்பல் தூக்குச்சாம். தம்பி ஒடஞ்ச பலகையப் புடிச்சுக்கிட்டு இருந்தானாம், விடியக்குள்ள பாத்தா பலக மட்டும் இருந்துச்சாம். நாங்க எல்லாரும் பேரு சொல்லிச் சொல்லிக் கூப்புட்டோம் அண்ணேன்னான். அந்தப் போன் வந்து ரெண்டு வருஷமும் எட்டு மாசமும் ஆச்சு. நானாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அழுகை வந்துச்சான்னா, வரல. இன்னைக்கு வரைக்கும் வரல சார். நல்லது நடந்த வீடு, இப்ப வேணாம், பொறவு சொல்லலாம்னு டெக்க நிறுத்துன மாதிரி நிறுத்திட்டேன். பொறவு எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாமப் போச்சு.

இந்தா வந்துருச்சு, நான் எறங்குற ஹோல்ட்டு. உங்களுக்கு இன்னும் ரெண்டு வளைவு இருக்கு, கடைசியா நிக்கும். இத ஒரு கை தூக்கி விடுறீங்களா? அப்பிடித்தான், அடியில புடிங்க.

அந்தா, மாமரத்துக்குக் கீழ நிக்குதுல்ல ஒரு பொண்ணு, மஞ்சச் சீல, கையில கொடையோட. அவதான். நான் வர்றது அவளுக்குத் தெரியாது சார். போன கெழமையில இருந்தே எல்லா பஸ்ஸுக்கும் வந்து நிக்கிறாளாம்.