ஸ்விட்ச் இருந்த பக்கம்

பனி குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்று நினைப்பவர்களைப் பல வருடங்களாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன், மேடம். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள் என்று இந்த விசாரணையில் உங்கள் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. பரவாயில்லை. கொலராடோவிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் அப்படித்தான்.

அக்டோபரில் விழும் முதல் பனி வெயில் படுகிற சரிவுகளில் உருகிப் போய்விடும். நிழல் விழும் வடக்குச் சரிவுகளில் மட்டும் தங்கும். தங்கி, குளிரில் காய்ந்து, சர்க்கரை மாதிரி உதிரியாகிவிடும். நவம்பர் பனி அதன்மேல் பலகையாகப் படியும். ஸ்கீ பைத்தியங்களுக்கு அப்போது சறுக்க வேறு இடமே இருக்காது. நேரே அங்கேதான் வருவார்கள். சர்க்கரைமேல் வைத்த பலகை எவ்வளவு நேரம் நிற்கும், நீங்களே சொல்லுங்கள்.

இதை எல்லிஸுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். என் பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பில் மாணவனாக வந்தான், பிறகு உதவியாளனாகச் சேர்ந்துகொண்டான். நல்லவன். ஒரே குறை, நாலு பேர் எதிரில் வாயை அடக்கத் தெரியாது. இந்தக் குளிர்காலத்தின் முதல் வகுப்பில் ஒரு சரிவின் சாய்வை நான் தவறாகச் சொல்லிவிட்டேன். அவன் அளந்து பார்த்துவிட்டு, "வாத்தியாருக்குக் கண்ணாடி மாத்தணும் போல இருக்கே" என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நானும் அவனும் அவனுடைய அக்கா மார்னியும் கணவாய்க்கு மேலே போனோம். கிளம்புமுன் வழக்கம்போலக் கருவிகளைச் சோதித்துக்கொண்டோம். நெஞ்சில் கட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி அது. நடக்கும்போது எல்லோருடையதும் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்துபோனால் மற்றவர்கள் உடனே ஸ்விட்சைத் 'தேடு' என்ற பக்கம் தள்ள வேண்டும். ஒருவர் தள்ளாவிட்டாலும் போச்சு. மற்றவர்களின் கருவி, புதைந்தவனை விட்டுவிட்டு அவரையே காட்டும். வகுப்பில் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சரிவின் உச்சியில் எல்லிஸ் குழி தோண்டி, அடியிலிருந்து ஒரு கை அள்ளிக் காட்டினான். விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது.

"வேண்டாம் வெர்ன். இது நிக்காது. திரும்பிடலாம்."

ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்ப வேண்டும். அதுவும் நான் சொல்லிக்கொடுத்த விதிதான்.

"பனி நல்லாத்தான் இருக்கு. உன் முழங்கால்தான் நடுங்குது" என்றேன். "பயமா இருந்தா அக்கா கையைப் பிடிச்சுக்கோ."

"டேய், அவர் வாய் அப்படித்தான்னு உனக்குத் தெரியாதா? வா, திரும்பிப் போகலாம்" என்றாள் மார்னி.

அவன் காது சிவந்துவிட்டது. ஸ்கீயை மாட்டிக்கொண்டு இறங்கினான். நான் யாரையும் தள்ளவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து வளைவு போயிருப்பான். மலை பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். சரிவு முழுவதும் பாளம் பாளமாகப் பிளந்து அவனையும் வாரிக்கொண்டு போனது. அவன் சொன்னதே சரியாகிவிட்டது. உயிரோடு வெளியே வந்தால் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பானே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

இரண்டு பேரும் கீழே இறங்கினோம். ஓடையோரப் புதருக்குப் பக்கத்தில் அவனுடைய கையுறையின் நுனி பனிக்கு வெளியே தெரிந்தது. நான் பார்த்தேன். மார்னி கருவியைப் பார்த்துக் குனிந்திருந்தாள். என் ஸ்விட்சைத் தொடாமல் நான் மேல்பக்கமாக நடந்தேன். அவள் என் பின்னாலேயே வந்தாள்.

"வெர்ன், உங்களுது 'தேடு'லதானே இருக்கு? ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதே இது!"

"எனக்கே பாடம் எடுக்கறியா? நீ தேடு."

நான் நின்ற இடத்திலேயே அவள் தோண்டத் தொடங்கினாள். முதுகுப் பையில் மண்வெட்டி இருந்ததுகூட நினைவில்லை, வெறுங்கையால் தோண்டினாள், பாவம். பனிக்கடியில் கால் மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறவர்கள் குறைவு. அது கடந்ததும் ஸ்விட்சைத் தள்ளினேன். உடனே மார்னி தம்பியைக் கண்டுபிடித்துவிட்டாள். கெட்டிக்காரி.

அதிலிருந்து ஞாயிறுதோறும் அவள் வீட்டுக்கு மான்கறி சூப் கொண்டுபோகிறேன். "தேடத் தெரியாம நானே என் தம்பியைக் கொன்னுட்டேனே" என்று அழுவாள். "உன் தப்பு இல்லம்மா" என்று சொல்லித் தேற்றுவேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

என் கருவி அவ்வளவு நேரமும் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருந்தது அதன் நினைவகத்தில் பதிவாகியிருக்கிறது என்கிறீர்கள். "பதற்றத்துல மறந்திருப்பீங்க, யாருக்கும் வர்றதுதானே" என்றும் சொல்கிறீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. தலையாட்டிவிட்டு எழுந்தால் இப்போதே வீட்டுக்குப் போய்விடலாம், எனக்குத் தெரிகிறது.

ஆனால் நீங்கள் எழுதும் அறிக்கையை அடுத்த வருடம் என் வகுப்பிலேயே படித்துக் காட்டுவார்கள், மேடம். அந்த வரியை அடித்துவிடுங்கள். முதல் நாள் வந்தவன் செய்கிற தப்பு அது. நான் மறக்கவில்லை.