மூச்சு தெரியாமல் படுத்திருந்தவன்

மேடையில் வரிசையாக அமர்ந்திருக்கும் திரையுலகப் பெருமக்களே! முன்வரிசையில் இருக்கும் என் தம்பியின் குடும்பத்தாரே! நாற்காலி கிடைக்காமல் பின்சுவரில் சாய்ந்து நிற்கும் என் நாடகக் குழுவினரே! எல்லோருக்கும் வணக்கம். இந்த இரங்கல் கூட்டத்தில் என்னைச் சுருக்கமாகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பேச வேண்டியதைப் பேசிவிட்டுத்தான் இறங்குவேன். மைக்கை அணைத்தாலும் கவலையில்லை, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பிழைத்தவள் நான்.

எனக்கு முன்னால் பேசிய தயாரிப்பாளர் ஐயா, "திரைச்செம்மலைக் கண்டெடுத்தது சினிமாதான்" என்றார். கண்டெடுத்தீர்களா? அவன் என்ன தெருவில் தொலைந்து கிடந்தானா? நீங்கள் திரைச்செம்மல் என்று கொண்டாடியவனை நாங்கள் 'மூச்சு' என்று கூப்பிட்டோம். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் குழுவில் அவனுக்குக் கிடைத்த முதல் வேஷம், பிணம். திரை தூக்கும்போதே செத்துக் கிடப்பான். அவனைச் சுற்றி உட்கார்ந்து நாங்கள் சொத்துக்குச் சண்டை போடுவோம். அவனுக்கு வசனம் கிடையாது, அசைவு கிடையாது. சும்மா படுத்திருப்பது ஒரு நடிப்பா என்கிறீர்களா? முன்வரிசைக்காரர்கள் எங்கள் முகத்தையா பார்ப்பார்கள்? பிணத்தின் வயிற்றைத்தான் பார்ப்பார்கள்! ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பந்தயமே கட்டுவார்கள். இவன் என்ன செய்தான் தெரியுமா? யார் எப்போது குரலை உயர்த்துவார்கள், எப்போது எல்லோர் கண்ணும் அந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்து மூச்சு விட்டான். பேசாத வேஷத்துக்காக எங்கள் அத்தனை பேர் வசனத்தையும் மனப்பாடம் செய்தவன் அவன்!

நான் அவனுடைய மனைவியாக நடித்தேன். மேடையில் மனைவி, இறங்கினால் அக்கா. ஒரு நாள் அழுகிற வேகத்தில் அவன் மார்பில் ஓங்கி அடித்துவிட்டேன். உதடு அசையாமல் பிணம் சொன்னது: "மெதுவா அடிக்கா! நெஜமாவே செத்துடப் போறேன்." எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. என்ன செய்வேன்? அவன் மார்பிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டேன். தோள் இரண்டும் குலுங்குகின்றன. அரங்கமே கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டியது!

பல ஆண்டுகள் கழித்து ஒரு படத்தில், தாயை இழந்த மகனாக, முகத்தைக் காட்டாமல் தோள் குலுங்க அழுதான். சினிமாவுக்கே உரிய நுட்பம் என்று பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்து ஆடின. அன்றே போன் செய்தான். "அக்கா, உன் சிரிப்பத்தான் திருடிட்டேன். வெளிய சொல்லிடாத." இதோ சொல்லிவிட்டேன். வந்து கேட்கட்டும்!

பெரிய நட்சத்திரமான பிறகும் ஆண்டுக்கு ஒரு நாள் வந்து, அதே நாடகத்தில் அந்தப் பிணக் கட்டிலில் படுத்தான். அதற்குள் நான் அவனுடைய அம்மா வேஷத்துக்கு மாறிவிட்டேன், அவன் மட்டும் அதே பிணம். "இவ்வளவு பெரிய ஹீரோ செத்துக் கிடக்கலாமா, இமேஜ் என்ன ஆவறது?" என்று இதே தயாரிப்பாளர் ஐயா கேட்டார். "அங்க படுத்தாத்தான் சார் உங்க கேமரா முன்னாடி நிக்கத் தெம்பு வருது" என்றான். அந்த ஒரு நாளை ஒதுக்கித் தராத எந்தப் படத்திலும் அவன் கையெழுத்துப் போட்டதில்லை.

இந்த ஆண்டு, அந்த நாள் நாளைதான்.

இன்று காலை அரங்க வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மறைந்த கலைஞருக்கு மரியாதை செலுத்தும் வகையில் நாளைய நாடகம் ரத்தாம்! யாரைக் கேட்டு ஒட்டினீர்கள்? கிழித்தது நான்தான். கைப்பையில் இருக்கிறது, வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம். நாடகத்தை நிறுத்துவதா அவனுக்கு மரியாதை? அவன் மனைவியை ஒரு வார்த்தை கேட்டீர்களா? நான் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னாள்: "அவரு நாடகச் சட்டைய இஸ்திரி போட்டு வச்சிருக்கேன் அண்ணி. யாருக்குச் சரியா இருக்கும்னு பாத்து எடுத்துட்டுப் போங்க."

தயாரிப்பாளர் ஐயா, உங்கள் உடம்புக்கு அந்தச் சட்டை பத்தாது. இல்லையென்றால் உங்களையே படுக்கச் சொல்லியிருப்பேன். அதோ பின்னால் நிற்கிறாரே, எங்கள் விளக்குக்காரர், அவர் படுக்கிறார். அவருக்கும் எல்லோர் வசனமும் பாடம்.

நேற்று அவனைக் கிடத்தியிருந்த கூடத்தில், அவன் மார்பில் முகம் புதைத்து அழுதேன். ஆத்திரம் தாங்காமல் ஓங்கி ஓர் அடியும் அடித்தேன். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். என் தம்பி ஒன்றுமே சொல்லவில்லை.

நாளை மாலை திரை உயரும்! அவனுடைய அம்மாவாக நான் அழுவேன். நாளை மட்டுமல்ல, உடம்பில் தெம்பு இருக்கும்வரை ஆண்டுதோறும் அழுவேன். எனக்குப் பிறகு இந்தப் பின்சுவர்க்காரர்கள் அழுவார்கள். இது நாங்கள் அவனுக்குக் கொடுக்கும் வாக்கு, எந்த அறிவிப்பு ஒட்டியும் இதை நிறுத்த முடியாது. வந்து பாருங்கள். முகம் புதைத்து என் தோள் குலுங்கும்போது, அது அழுகையா சிரிப்பா என்று உங்களில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்தவன் ஒருத்தன்தான் இருந்தான்.