ரெண்டு படுக்கை சீட்டு

— கிடைச்சிடுச்சு டீச்சர். பாப்பா பெட்டியை ஏத்துற அதே ஃப்ளைட்ல, ரெண்டு பேருக்கும் படுக்கிற சீட்டு.

— வேண்டாங்க.

— முழுசாக் கேளு. போறதுக்கு இன்னைக்குச் சாயங்காலம் சாதா சீட்டுதான், அவசரத்துக்கு வேற வழி இல்ல, காசு கட்டிட்டேன். திரும்பி வர்றதுக்குத்தான் இது. நான் பறந்து பறந்து அந்த ஃப்ளைட் கம்பெனியில சேர்த்து வச்ச மைல்ல நேரா எடுத்தா இருக்கிறதெல்லாம் முழுங்கிடும். நான் என்ன பண்ணேன், ஓட்டல்ல தங்கித் தங்கிச் சேர்ந்த பாயிண்டை அவங்க கூட்டாளி கம்பெனிக்கு மாத்தி, அங்கிருந்து இதே ஃப்ளைட்டைப் பிடிச்சேன். பாதிக்குப் பாதி மிச்சம்.

— வெளிநாட்டுல சைக்கிள்ல போன புள்ளையை லாரி அடிச்சுப் போட்டிருக்கு. உங்களுக்கு இன்னும் பாதிக்குப் பாதி.

— வாய் தானாப் பேசுது டீச்சர். நிறுத்தினா என்ன ஆவேனோன்னு பயமா இருக்கு.

— சரி விடுங்க. தண்ணி குடிங்க.

— அவளுக்குப் போட்டு விட அந்த மஞ்சள் கவுனை எடுத்து வச்சியா?

— தேய்ச்சு வச்சுட்டேன். கை பாட்டுக்குத் தேய்ச்சுது.

— உன்னோடது ஆபரேஷன் பண்ண முதுகு. போறப்பவே பாதி உயிர் போயிடும். வர்றப்பவாவது காலை நீட்டிப் படு.

— எத்தனை வருஷமா இந்தப் படுக்கை சீட்டு. மெஷின் ரிப்பேருக்குப் போற மனுஷன் நேரா வீட்டுக்கு வந்ததே கிடையாது. மூணு ஏர்போர்ட் சுத்தி வருவாரு, நாலு மைல் கூடக் கிடைக்குமாம். சோப்பு வாங்கக்கூட கார்டைத்தான் தேய்க்கணும், அதுலயும் மைல் ஏறுமாம்.

— உனக்காகத்தானே.

— இல்லைன்னு சொன்னேனா?

— பாப்பா என்ன சொல்வா? ‘எங்கப்பா மைல் ராஜா. ராஜ்ஜியம் எல்லாம் ஆகாசத்துல, தரையில ஒரு சென்ட் கிடையாது.’

— குளிர் ஆரம்பிச்சப்ப போன் பண்ணா. ‘இந்த ரூம்ல தனியா இருக்க முடியலப்பா, ஒரு வாரம் வந்துட்டுப் போங்க’ன்னா. நீங்க என்ன சொன்னீங்க?

— மைலுக்குப் படுக்கை சீட்டு திறக்கட்டும்டா, அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன்னேன்.

— சாதா சீட்டு இருந்துச்சு.

— இருந்துச்சு.

— நானும்தான் வாயை மூடிட்டு இருந்தேன். அப்பா பார்த்துக்குவாருன்னு. எனக்கும் ஆசைங்க, மகாராணி மாதிரி படுத்துட்டே போய் அவ முன்னாடி இறங்கணும்னு.

— தினம் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பேன் டீச்சர். ஒரு சீட்டு இருக்கும், ரெண்டு சேர்ந்து இருக்காது. இன்னைக்குப் பார்த்தா பக்கத்துப் பக்கத்துல ரெண்டும் திறந்து கிடக்கு. பாவி, இன்னைக்கு.

— அழுதுடுங்க. காலையில இருந்து கண்ணு வத்திப் போய் உட்கார்ந்திருக்கீங்க.

— என் மேல கோபம் உனக்கு. அதான் நான் வாங்கின சீட்டுல படுக்க மாட்டேங்கிறே. திட்டு, எவ்வளவு வேணாலும் திட்டு. முதுகைப் போட்டு வதைக்காதே.

— கோபம் இல்லைங்க. உங்க மேல கோவிச்சுக்கிட்டு இனிமே நான் யார்கிட்டப் போய் உட்காருவேன்?

— அப்புறம் ஏன்?

— அந்தப் படுக்கை சீட்டு ஃப்ளைட்ல எந்தப் பக்கம்?

— முன்னாடி. மூக்குக்குக் கிட்ட. இஞ்சின் சத்தம்கூட வராது.

— கடைசியில என்ன இருக்கு?

— சாதா சீட்டு. கக்கூசை ஒட்டின வரிசை. பின்னாடி சாயக்கூட முடியாது. யாரும் கேட்டு வாங்க மாட்டாங்க.

— அதுல ரெண்டு போடுங்க.

— என்ன டீச்சர், புரிஞ்சுதான் பேசுறியா?

— நீங்க கம்ப்யூட்டர் முன்னாடி இருந்தப்ப நான் சரக்கு ஆபீசுக்குப் போன் பண்ணேன். ஒரு அம்மா எடுத்தாங்க. எம் பொண்ணு பெட்டியை எங்கம்மா வைப்பீங்கன்னு கேட்டேன்.

— என்ன சொன்னாங்க?

— பின்பக்கமாம். கடைசி வரிசைக்கு நேர் கீழ. அவ அங்க தனியா வர்றப்ப, நாம எப்படிங்க முன்னாடி போய்ப் படுக்கிறது?