மஞ்சள் மின்னல்

பழைய சைக்கிள் வாங்குவதில் தப்பே இல்லை சார். ஆன்லைனில் வாங்கினாலும் சரிதான். படத்தில் எல்லா சைக்கிளும் நல்ல சைக்கிள்தான். நேரில் போய், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைத் தடவிப் பார்க்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்ப்பவன் நான். விடிந்து வெளியே வந்தால் மண்ணை அள்ளிப் போட்டதுபோல் கண் எரியும். அந்தக் கண்ணோடு போய்த்தான் வாங்கினேன்.

விற்றவன் பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே சைக்கிளை என் பக்கம் தள்ளினான். அவன் பார்த்தது என் கையிலிருந்த நோட்டுகளை; முகத்தை அல்ல. நீல நிறச் சைக்கிள். ஃபோர்க்கின் இடது காலில் மஞ்சள் மின்னல் ஸ்டிக்கர். அழகுக்கு ஒட்டியிருக்கிறான் என்று நினைத்தேன்.

அதை என் அக்கா எடுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸை விட்டுவிட்டாள், தையல் கம்பெனிக்கு நேரமாகிவிட்டது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வேகத்தடை, அவ்வளவுதான். முன்சக்கரம் ஒரு பக்கமாக மடங்கி, அவள் தாடை ரோட்டில் போய் இடித்தது. அக்கா வாய் ஓயாதவள். தூக்கத்தில்கூட யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாள். தாடைக்குக் கம்பி கட்டிய பிறகு எதையும் ஸ்ட்ராவில்தான் குடித்தாள்.

ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் விரிசல். அதன்மேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தான். போன் செய்தேன்.

"ஓட்டத் தெரியாதவங்க விழுந்தா நான் என்ன பண்றது தம்பி?" என்றான். அதோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டான்.

உங்கள் ஸ்டேஷனுக்கும் வந்தேன். ரசீது இருக்கிறதா என்று கேட்டார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. ரசீது இல்லைதான்.

அவன் போட்டிருந்த மற்ற விளம்பரங்களைத் தேடிப் பார்த்தேன். வேறு வேறு பெயர், வேறு வேறு சைக்கிள், எல்லாவற்றிலும் எங்காவது ஒரு மஞ்சள் மின்னல். அதனால் எனக்கு அவன் பெயர் மின்னல்.

நான் சைக்கிளோடு மல்லுக்கட்டுவதை அக்கா பார்த்தாள். கட்டிய பல்லுக்குள்ளிருந்தே சொன்னாள்: "விட்டுத் தொலைடா. அந்த இரும்ப எங்கயாவது போட்டுட்டு வந்து தூங்கு." கேட்டிருக்கலாம். ஆனால் அந்த வார்த்தைகள் அவள் வாயிலிருந்து வந்த விதம் இருக்கிறதே, அதைக் கேட்ட பிறகு எப்படித் தூங்குவது?

ஃபோர்க்கை நிமிர்த்தினேன். பட்டி பூசினேன், அவனைவிட நன்றாகவே. முழுக்கக் கறுப்பு அடித்தேன். உரித்து வைத்திருந்த மின்னலை அதே இடத்தில் ஒட்டினேன். இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். நான் எதையும் மறைக்கவில்லை. அவன் கையெழுத்தையே அவன் கண் முன்னால் வைத்தேன். பிறகு வேறு பெயரில், வேறு நம்பரில், அடிமாட்டு விலைக்கு விளம்பரம் போட்டேன். வாங்கி விற்பதுதான் அவன் பிழைப்பு; விழுந்தடித்து வருவான் என்று தெரியும். வீட்டுக்கு ஓட்டித்தானே போக வேண்டும். வழியில் மேம்பாலம் இருக்கிறது. நல்ல இறக்கம்.

மின்னல் வேனில் வந்தான். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

இந்தத் தடவையும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹேண்டிலைக் குலுக்கினான், பிரேக்கைப் பிடித்தான், குனிந்தான். கட்டைவிரல் நகம் ஸ்டிக்கரின் ஓரத்தில் போய் நின்றது. தொழில் தெரிந்தவன்தானே. அப்போது அவன் போன் அடித்தது.

"கறுப்புதாம்மா. நீ கேட்ட அதே கறுப்பு. நாளைக்கே காலேஜுக்கு ஓட்டிட்டுப் போ," என்றான். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "இது விக்கிறதுக்கு இல்ல தம்பி. என் பொண்ணுக்கு."

சொல்லிவிட்டு மறுபடி குனிந்தான். நகம் மறுபடி அந்த ஓரத்துக்குப் போனது.

"பொண்ணு என்ன உயரம்ண்ணே?" என்று கேட்டேன். "சீட்ட இறக்கித் தர்றேன்."

ஸ்டிக்கரிலிருந்து கையை எடுத்துத் தன் தோளுக்குக் கீழே வைத்துக் காட்டினான். நான் ஸ்பேனரை எடுத்து, அவசரப்படாமல் இறக்கி முடுக்கிக் கொடுத்தேன். சீட்டைத் தட்டிப் பார்த்தான். உன்னை மாதிரி விற்கிறவன் இந்தக் காலத்தில் எவன் இருக்கிறான் என்று சொல்லி என் முதுகிலும் தட்டினான். இரண்டு பேருமாகத் தூக்கி வேனில் ஏற்றினோம்.

அவன் பெண் அந்த மேம்பாலத்தில்தான் ஓட்டி இறங்கினாள் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும். இன்னும் கண் விழிக்கவில்லை என்கிறீர்கள். அவன் உங்கள் காலைப் பிடித்து அழுதான் என்கிறீர்கள். ஒரு ஸ்டிக்கரை உரிக்க எவ்வளவு நேரம் ஆகும் சார்? நான் அவன் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. அவன் எனக்கு விற்றதைத்தான் அவனுக்கு விற்றேன்.

அந்தப் பெண் கண் விழித்தால் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். சீட் உயரம் சரியாக இருந்ததா? அதில் குறை இருந்தால், அது என் தப்பு.