இப்பவே கோல் எடு

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிற இரண்டு பேர் இருந்தார்கள்.

"நம்மட சாய்ந்தமருதுக் கூட்டாளி பாயிஸ் அவன்ட வலையெல்லாம் எனக்குத் தந்துட்டான் காக்கா. இனித் தேவைப்படாதாம்," என்று மூத்தவரை அண்ணன் முறையில் அழைத்துச் சொன்னார் இளையவர்.

மூத்தவர் முகம் மாறியது. "சாகிற நினைப்பு இருக்கா எண்டு கேட்டியா?"

"கேட்டா அந்த நினைப்பு வந்திரும் எண்டு பயம்."

"கேக்கிறதால வராது. இப்பவே அவனுக்குப் போன்ல கோல் எடு."

இரண்டு தடவை பதிலே இல்லை. மூன்றாவது தடவை பாயிஸ் எடுத்தார்.

"மச்சான், சாகோணும் எண்டு நினைக்கியா?"

இளையவர் போனைக் காதோடு அழுத்திக் கேட்டார். பிறகு போனைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "ஓம் எண்டு அழுறான் காக்கா."

மூத்தவர் எழுந்து மணியடித்தார். சாய்ந்தமருதில் பஸ் நிற்குமுன்பே இருவரும் வாசலுக்கு ஓடினார்கள்.

"போனை வெக்காத மச்சான், கதைச்சிக்கிட்டே இரு. நாங்க வாறம்."